காப்புரிமை வழக்கும் பொது ஏடும்



வழக்கு என்பது இருவருக்கிடையே நிகழ்வது என்று எண்ணுவது உலக இயல்பு. வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர், நடுவே நீதிபதி. மற்றையோருக்கு அதில் என்ன வேலை என்று நாம் ஒதுங்கிப் போகிறோம். வாய்க்கால் வரப்புத் தகராறுக்கும் பாகப் பிரிவினைக்கும் இஃது ஓரளவு பொருந்தும். காப்புரிமை வழக்குக்குப் பொருந்தாது. ‘என் அனுமதியின்றி இப்பொருளைச் செய்யாதீர், விற்காதீர்’ என்று ஒருவர் நாட்டார் அனைவரையும் நோக்கிச் சொல்வதற்கு அரசு அளிக்கும் உரிமையே காப்புரிமை. அவ்வுரிமை செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றத்தில் யாரோ ஒருவர் எழுப்பும் கேள்விக்குக் கிடைக்கும் விடை, வழக்கில் பெயர் இல்லாத நம்மையும் தொடுகிறது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பேட்டண்டு என்பதைத்தான் இங்கே காப்புரிமை என்கிறேன். நூலாசிரியருக்குரிய காப்பிரைட்டு என்பதனையும் தமிழில் சிலர் காப்புரிமை என்றே எழுதிவிடுகின்றனர். அதனைப் பதிப்புரிமை என்பதே தெளிவு. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் யான். கலைப் பட்டதாரியேயன்றிச் சட்டம் பயின்றவன் அல்லன். எனினும், பெயர் மாறிப்போன தாள் தப்பான கட்டில் சேர்ந்து, தேடும்போது அகப்படாமற் போகும் என்பதை என் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது.

நான் குடியிருக்கும் சுள்ளிக்கல், கொச்சி மாநகரில் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த ஊர். தமிழ்நாட்டிலிருந்து வந்து தொழில் நடத்துவோர் இப்பக்கத்தில் பலர். அவர்களுள் ஒருவர், மிளகு, மஞ்சள் முதலிய சரக்குகளைப் பொட்டலம் கட்டும் சிறு பொறி ஒன்றைத் தம் பட்டறையில் செய்து விற்பதாகக் கொள்வோம். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு வக்கீல் நோட்டீசு வருகிறது. ‘இப்பொறியின் காப்புரிமை எம் கட்சிக்காரருடையது; பதினைந்து நாளில் நிறுத்தாவிடில் வழக்குத் தொடர்வோம்’ என்கிறது அது. நோட்டீசு ஆங்கிலத்தில், ஊர் மொழி மலையாளம், அவர் அறிந்ததோ தமிழ். சொந்த ஊராயின் நாலு பேரைக் கேட்டிருப்பார். இங்கே அஞ்சி, பட்டறையை மூடுகிறார். அல்லது கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுகிறார்.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று. அந்தக் காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா? அது முன்னரே நீதிமன்றம் ஏறியதுண்டா? ஏறியிருப்பின் முடிவு என்ன? இம்மூன்றுக்கும் விடை எவருடைய பெட்டியிலும் பூட்டப்பட்டிருக்கவில்லை. எல்லாம் பொது ஏடுகளிலேயே உள்ளன. ஆனால் ஏடுகள் ஓரிடத்தில் இல்லை.

முதற் கேள்விக்கு விடை காப்புரிமைப் பதிவேட்டில் உள்ளது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அப்பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வையிடலாம்; இப்போது இணையத்திலும் கட்டணமின்றிக் காணலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு கழிந்திருப்பினும், இடையே புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாமல் விட்டிருப்பினும், உரிமை நீங்கிவிடும். கேரளம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்குவது. அவ்வலுவலகம் இருப்பது கிண்டியில்.

இரண்டாம் கேள்வி கடினமானது. காப்புரிமையை மீறியதாக வழக்குத் தொடர மாவட்ட நீதிமன்றமே தொடக்கப்படி. ‘உமது காப்புரிமையே செல்லாது’ என்று பிரதிவாதி எதிர்வழக்கு இட்டால், அது உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் ரத்து மனுக்கள் பல நடந்தன. அவ்வாரியம் 2021 ஏப்ரலில் நீக்கப்பட்டது. அதன் பணி உயர்நீதிமன்றங்களுக்குச் சென்றது. ஆகவே ஒரே காப்புரிமையின் வரலாறு நாலு கட்டடங்களில் நாலு எண்களோடு கிடக்கக்கூடும். பல நீதிமன்றங்களில் வழக்கின் எண்ணைப் பார்த்து அது காப்புரிமை வழக்கு என்று அறியவும் இயலாது. சிவில் வழக்கு அல்லது வாணிக வழக்கு என்பதே அதன் பெயர்.

இதற்கு நம் மதுரையே சான்று. ஒரே கைப்பேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைப் பயன்படுத்துவது குறித்து மதுரையைச் சேர்ந்த ஒருவர் 2002-இல் விண்ணப்பித்து, 2008-இல் காப்புரிமை பெற்றார். அதன் எண் 214388. இறக்குமதிப் பொருள்கள் பற்றிய 2007-ஆம் ஆண்டு விதிகளைக் கொண்டு சுங்க அதிகாரிகளிடம் அவ்வுரிமையைப் பதிந்து, அயல்நாட்டிலிருந்து வரும் கைப்பேசிகளைத் தடுக்க முயன்றார். சென்னை உயர்நீதிமன்றத்திலும் வழக்குகள் தொடர்ந்தார். எதிர்த்தரப்பினர் வாரியத்தை நாடினர்; 2012 ஜூன் மாதம் வாரியம் அக்காப்புரிமையை ரத்துச் செய்தது. சுங்கத்துறைத் தாளை மட்டும் கண்ட வணிகருக்குத் தடை மட்டுமே தெரியும். வாரியத்தின் தீர்ப்பை மட்டும் கண்டவருக்கு அதற்கு முன் நிகழ்ந்த போராட்டம் தெரியாது. நான்கு ஏடுகளையும் சேர்த்து அடுக்கியவருக்கே முழுக்கதை கிடைக்கும்.

மூன்றாம் கேள்வி, முடிவு என்ன என்பது. இங்கேதான் திரட்டுவோர் மிகுதியும் வழுக்கி விழுகின்றனர். பஜாஜ் நிறுவனத்துக்கும் டி.வி.எஸ். நிறுவனத்துக்கும் இரட்டைத் தீப்பொறிக் குச்சி கொண்ட மோட்டார் சைக்கிள் என்ஜின் பற்றி 2007-இல் சென்னையில் வழக்கு மூண்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜுக்குச் சார்பாக இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்ந்த பிரிவு அத்தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம், இத்தகைய வழக்குகளை விரைந்து முடிக்க வேண்டும் என்று வலியுறுத்தி, மூலவழக்கையே விசாரித்துத் தீர்க்கப் பணித்தது. அதன் பின்னரும் பத்தாண்டு உருண்டது; 2019-இல் இரு தரப்பினரும் சமாதானமாயினர். 2008-இல் கணக்கெடுத்தவர் பஜாஜ் வென்றது என்று குறித்திருப்பார். 2009-இல் எடுத்தவர் டி.வி.எஸ். வென்றது என்பார். இறுதியிலோ வென்றவர் எனக் குறிக்க எவரும் இல்லை.

ஆதலின் வழக்குச் செய்தி தொகுப்போர்க்குச் சில நெறிகள் வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் காப்புரிமை எண்ணைத் தலைப்பாகக் கொள்க. கட்சிக்காரர் பெயர் மாறும், எண் மாறாது. இடைக்கால ஆணைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் தனித்தனிப் பத்தி வைக்க. செய்தி எடுத்த நாளைக் குறிக்க. சட்ட இதழ்களில் அச்சாகும் தீர்ப்புகளே வழக்குகள் முழுவதும் என்று எண்ணற்க. சமாதானத்தில் முடிந்தவை தீர்ப்பாக வெளிவருவதில்லை. இவற்றை மறந்து எண்ணிக்கை மட்டும் கூட்டினால், கரைக்கு ஒதுங்கிய மீனை எண்ணிக் கடல் மீனுக்குக் கணக்குச் சொன்னவன் ஆவோம்.

இவ்வளவு பாடுபட்டுத் திரட்டுவதால் பயன் யாது? ஒரு மருந்தின் கதையைச் சொல்கிறேன். சிறுநீரகப் புற்றுக்கும் ஈரல் புற்றுக்கும் உதவும் மருந்து ஒன்றுக்குப் பேயர் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. ஒரு மாதத்துக்கு அதன் விலை ரூ. 2,80,428. காப்புரிமை பெற்றவர் அதனை நாட்டில் எவ்வளவு பயன்படுத்தினார் என்று படிவம் 27-இல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பேயர் தாமே எழுதித் தந்த அப்படிவங்களும் சான்றாக அமைந்தன. மருந்து போதிய நோயாளிகளைச் சென்றடையவில்லை என்பது புலனாயிற்று. 2012 மார்ச் 9-ஆம் நாள், அதனைச் செய்து மாதம் ரூ. 8,880-க்கு விற்க நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கிக் கட்டுப்பாட்டாளர் பி. எச். குரியன் ஆணையிட்டார். வாரியமும் பம்பாய் உயர்நீதிமன்றமும் உரிமத்தை நிலைநிறுத்தின. கோப்பில் உறங்கிய ஒரு தாள் நோயாளியின் படுக்கை வரை வந்த வரலாறு இது.

ஆனால் அப்படிவங்களை ஒழுங்காகத் தாக்கல் செய்தோர் எத்தனை பேர்? இதனை ஆராய்ந்தவர் கேரளத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் சம்நாத் பஷீர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே விவரம் கேட்டுத் திரட்டியபோது, பல படிவங்கள் வரவேயில்லை. வந்தவற்றுள்ளும் பல அரைகுறை என்று கண்டார். திரட்டியதை அலமாரியில் வைக்கவில்லை. 2015-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்காக வைத்தார். 2018-இல் நீதிமன்றம் ஆணையிட, 2020-இல் அரசு படிவத்தைத் திருத்தியது. 2019-இல் அவர் மறைந்தார். 2024-இல் விதிகள் மீண்டும் மாறின. ஆண்டுதோறும் தர வேண்டிய விவரத்தை மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தந்தாற் போதும் என்றாயிற்று. பொது ஏடு தானே வளர்வதில்லை. கேட்பார் இருக்கும்வரை விரியும், கேட்பாரற்றால் சுருங்கும்.

பிற நாட்டார் இதில் செய்திருப்பது என்ன? அமெரிக்கச் சட்டப்படி, காப்புரிமை வழக்குப் பதிவான ஒரு மாதத்துக்குள் நீதிமன்ற எழுத்தர் காப்புரிமை எண்ணையும் கட்சிக்காரர் பெயரையும் காப்புரிமை அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். முடிவையும் அவ்வாறே அறிவித்தல் வேண்டும். 1963 முதல் 2015 வரை தொடரப்பட்ட 74,000-க்கும் மேற்பட்ட வழக்குகளின் விவரங்களை அந்நாட்டு அலுவலகம் தொகுத்து இலவசமாக வெளியிட்டது. நம் சட்டத்தின் 151-ஆம் பிரிவும் நீதிமன்றம் செய்தி அனுப்ப வேண்டும் என்கிறது. ஆனால், காப்புரிமை செல்லும் அல்லது செல்லாது என்று தீர்மானித்த பின்னரே. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் சமாதானத்தில் முடிந்த வழக்கும் அவ்வழியே பதிவேட்டுக்கு வருவதில்லை. வழக்குத் தொடங்கும்போதே காப்புரிமை எண்ணைப் பதிவேட்டில் குறிக்கும் முறை இங்கும் வருமாயின், சுள்ளிக்கல் பட்டறைக்காரர் ஒரே பக்கத்தைப் பார்த்துத் தம் நிலையை அறிவார். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு விதி போதும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உள. நோட்டீசு வந்தால் முதலில் காப்புரிமை எண்ணைக் கேட்டு வாங்குக. பதிவேட்டில் அதன் நிலையைப் பார்க்க. மின்னணு நீதிமன்ற இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேடுக, கட்டணம் இல்லை. ஆதாரமின்றி மிரட்டுவோர் மீது வழக்குத் தொடரச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இடமளிக்கிறது. காப்புரிமை உண்டு என்று வெறுமனே அறிவிப்பது மாத்திரம் மிரட்டலாகாது என்பதையும் அறிக. இவ்வளவும் தெரிந்துகொண்டு வழக்கறிஞரிடம் செல்பவர், விடை பெறத்தக்க கேள்வியோடு செல்கிறார்.

வெளி மாநிலங்களில் வாழும் நாம் ஊர்தோறும் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறோம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் குறைவற நடத்துகிறோம். அச்சங்கத்து நூலக அலமாரியில் ஒரு குறிப்பேட்டுக்கும் இடம் இருக்கட்டும். நம்மவர் செய்யும் தொழில்களைத் தொட்ட காப்புரிமைகளின் எண், வழக்கு நடந்த இடம், நாள், முடிவு ஆகியவற்றை ஆங்கிலம் அறிந்த இளைஞர் ஒருவர் தமிழில் அதில் எழுதி வரட்டும். ஒருவர் பட்ட வழக்கின் பயன் மற்றவருக்கும் கிட்ட அதுவே எளிய வழி.