முடிச்சு அவிழும் இடம்

(பொன்விழா நவநாளின் ஆறாம் நாள் மாலை பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பிரசங்கம் நீண்டால் வெளியூர்க்காரர்களுக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் என்று உபதேசியார் எச்சரித்துவிட்டார். ஆகவே இன்று கதை பேசலாம் என்று வந்திருக்கிறேன். கதைகள் எப்படி முடிகின்றன என்பதே பேச்சு.

குருமடத்தில் தத்துவம் படித்த நாட்களில் அரிஸ்டாட்டிலும் எங்களுக்குப் பாடமாக வந்தார். கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பு வாழ்ந்த கிரேக்க ஞானி. நாடகம் என்பது முதலில் முடிச்சுப் போடுவது, பிறகு அதை அவிழ்ப்பது என்றார். கதை சொல்லும் நம் பாட்டிகளும் முடிச்சு என்றுதான் சொல்லுவார்கள். அவிழ்ப்பு கதைக்குள்ளிருந்தே வரவேண்டும் என்பது அவருடைய கட்டளை. அந்நாள் கிரேக்க மேடைகளில் பாரந்தூக்கி போன்ற ஒரு பொறியால் தேவர்களை மேலிருந்து இறக்குவார்கள். எல்லாச் சிக்கலும் நொடியில் தீரும். கி.மு. 431-ல் அரங்கேறிய 'மெதேயா' நாடகத்தின் முடிவை அரிஸ்டாட்டில் இதற்காகவே குறை சொல்கிறார்.

அப்படியானால் நம் ஞானசவுந்தரி? மேடை நாடகமாக நடந்து, 1948-ல் திரைப்படமாகவும் வந்த கதை. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்தவளுக்குத் தேவமாதா கைகளைத் திரும்பத் தருகிறாள். அரிஸ்டாட்டில் முகம் சுளித்திருப்பார். நான் சுளிக்கமாட்டேன். கைகள் வந்தவுடன் நம் பாட்டன் பாட்டிமார் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடவில்லை. அவளைக் கணவன் கண்டுபிடிக்க வேண்டாமா? கைகளை மாதா தந்தாள். கணவன் தேடி வந்தது தன் கால்களால்.

இனி ஆண்டவர் சொன்ன கதைக்கு வருவோம். லூக்கா நற்செய்தி 15-ம் அதிகாரம். பாவிகளோடு உண்கிறார் என்று பரிசேயர் முணுமுணுத்தார்கள். பதிலாக மூன்று கதைகள். நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்து கிடைத்தது, மகிழ்ச்சி. பத்து நாணயங்களில் ஒன்று தொலைந்து கிடைத்தது; மகிழ்ச்சி. மூன்றாவது, ஊதாரிப் பிள்ளை. தவக்காலத் தியானங்களில் பல ஆண்டுகள் இதைப் பிரசங்கித்திருக்கிறேன். கொழுத்த கன்று அடித்தவுடன் நிறுத்திவிடுவேன். மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். எனக்கும் திருப்தி.

ஆனால் கதை தொடங்கும்போதே இரண்டு பிள்ளைகள் என்று ஆண்டவர் எண்ணிச் சொல்லிவிட்டார். மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். பாட்டுச் சத்தம் கேட்கிறது. உள்ளே நுழைய மறுக்கிறான். அவனைப் பொறாமைக்காரன் என்று நாம் சுலபமாகத் தள்ளிவிடுகிறோம். கணக்குப் பாருங்கள். மோயீசன் சட்டப்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. தகப்பன் தொடக்கத்திலேயே சொத்தைப் பிரித்தாயிற்று. இளையவன் தன் பங்கை அழித்தாயிற்று. அப்படியானால் அந்தக் கன்று யாருக்குச் சேரவேண்டியது? மோதிரம்? பாகப்பிரிவினை கண்ட குடும்பத்தாருக்கு இது நன்றாகப் புரியும். அவன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. தம்பி என்ற சொல்லைக்கூட அவன் வாயில் எடுக்கவில்லை. தகப்பனுடைய மகன் என்கிறான். தகப்பன் பதில் சொல்லும்போது, அவன் விட்ட உறவுமுறையை எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுக்கிறார். அத்தோடு கதை நின்றுவிடுகிறது.

யோனாஸ் ஆகமமும் இப்படித்தான். நினிவேயின் 1,20,000-க்கு மேற்பட்ட மக்களையும் அவர்களுடைய ஆடுமாடுகளையும் சுட்டிக் கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார். யோனாஸ் என்ன சொன்னார் என்று எழுதப்படவில்லை.

முன்பு நான் பணிசெய்த ஒரு பங்கில், மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "சாமி, அண்ணன் உள்ளே போனாரா?" என்று கேட்டாள். பிள்ளைகள் மனம் கோணவேண்டாமே என்று, "போனாரம்மா, போய்த் தம்பியோடு சாப்பிட்டார்" என்று சொல்லிவிட்டேன். பாரந்தூக்கியில் தேவனை இறக்கினேன் என்றே சொல்லவேண்டும்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போனபின் வந்து, "அவர் உள்ளே போனதாக வேதத்தில் இருக்கிறதா, சாமி?" என்றார். இல்லை என்றேன். "பின்னே ஏன் சொன்னீர்கள்? அது அவ்வளவு லேசா?" கிணற்றடியில் நாலு சென்ட் நிலத்துக்காக, பத்தொன்பது ஆண்டுகளாகத் தம்பி வீட்டுப் படி ஏறாதவர் அவர். அநியாயம் தம்பி பக்கந்தான் என்று ஊரே சொல்லும். தம்பி மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்ததாம். "பாட்டுச் சத்தம் என் திண்ணைவரைக்கும் கேட்டது சாமி. சட்டைகூடப் போட்டுவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை" என்றார். நான் சொல்ல நினைத்த புத்திமதி எதுவும் வாயில் வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு, நான் சொன்ன முடிவு வேதத்தில் இல்லை என்று பிள்ளைகளிடம் ஒத்துக்கொண்டேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தம்பியின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் எனக்கு மாற்றல் வந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது பெரியவரும் வந்திருந்தார். "ஓலை வந்திருக்கிறது சாமி" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறு திருவிழாத் திருப்பலிக்குப் பின் கோவில் வளாகத்தில் அசனம். பந்தி பன்னிரண்டரைக்குத் தொடங்கும். இலை எத்தனை போடவேண்டும் என்று சமையற்காரர் கேட்டார். பங்கில் எத்தனை பேரோ அத்தனையும் போடும்படி சொல்லியிருக்கிறேன்.