பாரம் தாங்கும் கை

(ஆசிரியர்களுக்கான கலைப் பயிற்சி முகாமில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவு முடிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீண்ட உரை கேட்கும் நேரம் இதுவல்ல என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு படத்தைக் காட்டுகிறேன். திரையைப் பாருங்கள்.

எளிமையான ஒரு வீடு. நாற்காலியில் ஒரு பெரியவர். அவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறுவன் நிற்கிறான். அவன் கையில் இருப்பது பேஞ்சோ. உடல் பறை போல வட்டமாகவும், கழுத்து நீளமாகவும் உள்ள தந்திக் கருவி. தரையில் சில சமையல் பாத்திரங்கள். பின்னால் மேசையில் வெள்ளை விரிப்பு. இருவரில் ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை. இருவர் கவனமும் கருவியில்தான்.

படத்தின் பெயர் ‘பேஞ்சோ பாடம்’. 1893இல் இதை வரைந்தவர் ஹென்றி ஒசாவா டேனர் என்ற அமெரிக்க ஓவியர். இப்போது ஹாம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டேனர் 1859இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாய் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர். தந்தை திருச்சபைப் போதகர், பின்னாளில் ஆயரானவர். குடும்பம் பிலடெல்பியாவில் குடியேறியது. பதின்மூன்று வயதை ஒட்டி, அங்குள்ள பூங்கா ஒன்றில் தந்தையுடன் நடந்துகொண்டிருந்தபோது, ஓர் ஓவியர் இயற்கைக் காட்சியைத் தீட்டுவதைப் பையன் பார்த்தான். தானும் ஓவியனாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டான். தந்தைக்குக் கவலை. மகனை மாவு ஆலை வேலைக்கு அனுப்பினார். அந்த வேலையில் அவன் உடல்நலம் கெட்டது. அதன்பிறகு வீட்டில் ஓவியத்துக்கு வழிவிட்டார்கள்.

இருபது வயதை ஒட்டி பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் தாமஸ் ஈக்கின்ஸ். மனித உடலை, எலும்பும் தசையும் புரிந்து, உள்ளது உள்ளபடி வரையக் கற்பித்தவர். பின்னாளில் அவரே தன் மாணவர் டேனரின் உருவப்படத்தையும் தீட்டினார்.

ஆசிரியர் நல்லவராக அமைந்தார். வகுப்பறை அப்படி அமையவில்லை. கறுப்பின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் ஓவியச் சட்டத்தோடு கட்டி நடுத்தெருவில் நிறுத்தியதை, அங்கே படித்த ஒருவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெயர் சொல்லவில்லை, அது டேனர்தான் என்று கருதப்படுகிறது. நம் வகுப்பறைகளில் நமக்குத் தெரியாமல் என்னென்ன நடக்கின்றன என்று இதைப் படித்தபோது யோசித்தேன்.

1891இல் டேனர் பாரிசுக்குப் போனார். 1893இல் உடல்நலம் சரியில்லாமல் தாயகம் திரும்பியிருந்த காலத்தில் இந்தப் படம் உருவானது. அக்காலத்து அமெரிக்காவில் பேஞ்சோ வாசிக்கும் கறுப்பினத்தவர் என்றால் கேலிப்பொருள். வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, பேஞ்சோவை மீட்டி, மேடையில் சிரிக்க வைத்தார்கள். கறுப்பின மக்களை வரைந்த பலரும் அவர்களுடைய வாழ்வின் நகைப்புக்குரிய பக்கத்தையே பார்த்தார்கள். அந்தச் சொரசொரப்புக்கு உள்ளே இருக்கும் இதயத்தோடு அவர்களுக்கு ஒட்டுதல் இல்லை. இது டேனரின் வருத்தம்.

அதே பேஞ்சோவைத்தான் அவரும் எடுத்தார். ஆனால் அதை ஒரு பாடமாக்கினார். சன்னல் பக்கமிருந்து குளிர்ந்த வெளிச்சம், அடுப்புப் பக்கமிருந்து வெதுவெதுப்பான வெளிச்சம். அந்த இரண்டுக்கும் நடுவே, தனக்குத் தெரிந்ததைத் தாத்தா வயதுள்ள ஒருவர் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார். மறு ஆண்டு இந்தப் படம் பாரிசின் பெரிய ஓவியக் கண்காட்சியில் இடம்பெற்றது. 1897இல் அவருடைய ‘லாசரு உயிர்த்தெழுதல்’ படத்தைப் பிரெஞ்சு அரசே வாங்கியது. 1923இல் பிரான்சின் உயரிய விருதான லீஜியன் ஆஃப் ஹானர் அவருக்கு வழங்கப்பட்டது. பெரும்பகுதி வாழ்நாளைப் பிரான்சிலேயே கழித்து, 1937இல் பாரிசில் காலமானார்.

இப்போது மீண்டும் படத்தைப் பாருங்கள். பெரியவரின் கை எங்கே இருக்கிறது? பேஞ்சோவின் கழுத்துப் பகுதியை அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. கருவி பெரியது, பையன் சிறியவன். பாரத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார். தந்தியை மட்டும் அவர் தொடவில்லை. மீட்டுவது பையனின் விரல்.

இந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு என் கை நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓவியப் போட்டிக்காகத் தன் பாட்டியை வரைந்து கொண்டுவந்தான். பாட்டி முறத்தில் அரிசி புடைக்கிறார். முகம் கொஞ்சம் கோணல், கை நீளம். நான் அவன் பென்சிலை வாங்கி மூக்கைத் திருத்தினேன், கையைச் சுருக்கினேன், நிழலும் போட்டேன். படத்துக்குப் பரிசு கிடைத்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சான்றிதழ் கொடுத்தோம். அன்று மாலை அது என் மேசையிலேயே கிடந்தது. ஏன்டா எடுத்துப் போகவில்லை என்று கேட்டேன். “அது நீங்க வரைஞ்சது சார்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு படம் எதுவும் கொண்டுவரவில்லை.

நான் தந்தியை மீட்டிவிட்டேன். அவன் பாட்டியை அவன் பார்த்த விதத்தில் நான் பார்க்கவே இல்லை. எங்கோ பார்த்த அழகான பாட்டி ஒருவரை அவன் தாளில் ஏற்றிவிட்டேன்.

இப்போது வகுப்பில் என் பென்சில் மாணவர் தாளைத் தொடுவதில்லை. “பாட்டி முறத்தை எங்கே பிடிப்பாங்க? நாளைக்குப் பார்த்துட்டு வா” என்று மட்டும் சொல்கிறேன். தாள், வண்ணம், நேரம், பக்கத்தில் ஓர் ஆள் - இவை என் பங்கு. கோடு அவனுடையது. கட்டுரை எழுத வைக்கும் தமிழாசிரியருக்கும், கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணித ஆசிரியருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பிழையைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சரிசெய்யும் விரல் மாணவருடையதாக இருக்கட்டும்.

திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் இந்தப் படத்தை ஐந்து நிமிடம் காட்டுங்கள். எந்த விளக்கமும் வேண்டாம். “தாத்தாவின் கை என்ன செய்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் சொல்வார்கள்.