மறை காத்தலும் பொறுப்பேற்றலும்

பத்தாண்டுகளாகத் தில்லை நகரில் தமிழ் வளர்த்துவரும் இலக்கிய வட்டத்தின் நிறைவு விழாவில், 'அரசின் மறைபொருளும் ஆள்வோர் பொறுப்பும்' என்னும் பொருள் உரைக்குரியதாக அமைந்துள்ளது. இலக்கிய மேடைக்கு இப்பொருள் புறம்பானது எனச் சிலர் கருதக்கூடும். திருக்குறளின் பொருட்பாலைப் புரட்டிப் பார்ப்போர் அவ்வாறு கருதார். அமைச்சு, தூது, ஒற்றாடல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் எனத் தனித்தனி அதிகாரம் வகுத்து, அரசின் செய்தி யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கலாகாது என்பதை எண்ணிப் பார்த்தவர் வள்ளுவர். 'மறை' என்னும் சொல்லையே அவர் இப்பொருளில் ஆள்கின்றார். தாம் கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை ஊரறிய முழங்கும் பறைக்கு ஒப்பிடுவதும் (குறள் 1076) அவரே.

வள்ளுவர் காட்டும் இரு தவறுகள்

தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் (510) இவ்வுரைக்கு அடிப்படையாகக் கொள்ளத்தக்கது. ஆராயாமல் ஒருவனை நம்புவது ஒரு தவறு. ஆராய்ந்து நம்பியவனிடத்தே ஐயங்கொள்வது மற்றொரு தவறு. இரண்டும் தீராத துன்பத்தைத் தரும் என்பது அக்குறளின் கருத்து. இங்கு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. நம்பப்பட்டவனின் குற்றத்தை அக்குறள் பேசவில்லை. நம்பியவனின் குற்றத்தையே பேசுகின்றது. அதாவது, பொறுப்பு மேலிருப்பவனிடமிருந்து தொடங்குகின்றது. வினைசெய்வோரின் ஒழுங்கை மன்னன் நாள்தோறும் ஆராய்தல் வேண்டும் என அடுத்த அதிகாரத்தின் முடிவில் (520) வள்ளுவர் கூறுவதும் இதன் தொடர்ச்சியே ஆகும்.

இவ்விரு தவறுகளுக்கும் விடுதலை பெற்ற இந்தியாவில் தனித்தனியே ஒரு வழக்கு உண்டு. அவற்றைக் காணுமுன், இவ்விழா நடைபெறும் நகரை அடுத்துள்ள மண்ணின் பழங்கதை ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும்.

உறையூர் தரும் பாடம்

தில்லை நகரை ஒட்டியிருப்பது உறையூர், சோழர்தம் பழந்தலைநகர். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்னும் புலவன் இவ்வூருக்கு வந்தான். அப்போது இங்கிருந்த நெடுங்கிள்ளி, நலங்கிள்ளிக்குப் பகைவன். வந்தவன் ஒற்றனே எனக் கருதி அவனைக் கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் குறுக்கே நின்று ஒரு பாட்டால் அவ்வுயிரைக் காத்தார். புறநானூற்றின் 47ஆம் பாட்டு அது. பாட்டின் வாதம் எளியது. புலவர் வாழ்க்கை பறவையின் வாழ்க்கை போன்றது. நெடுந்தொலைவு சென்று, பாடி, பெற்றதைச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்பது. பிறர்க்குத் தீங்கு நினையாதது என்பதே அவர் எடுத்துரைத்தது.

பகை நாட்டிலிருந்து வந்தான் என்பதன்றி இளந்தத்தன்மேல் சான்று ஏதுமில்லை. அச்சம் மிகுந்த அரசு, சான்று தேடாமல் 'ஒற்றன்' என்ற ஒரு சொல்லாலேயே உயிரைப் போக்கிவிடக்கூடும் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூர் கண்டது. மறையைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. அக்கடமையின் பெயரால் குற்றமற்றவனைக் கொல்லும் உரிமை அதற்கு இல்லை. கோவூர்கிழார் நிறுத்திய நீதி இதுவே.

அரியலூரும் பொறுப்பேற்கும் மரபும்

தம் கையால் நேராத தவற்றுக்கும் தலைவர் பொறுப்பேற்கும் மரபு இந்நாட்டில் உருப்பெற்றதற்கும் இப்பகுதியே களமாயிற்று. 1956 நவம்பர் 23ஆம் நாள், அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த அரியலூருக்கு அருகே, வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் பழுதுற, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகைவண்டித் துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். அன்று நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணர் அல்லர் என்பதை அறிந்தே, மக்களாட்சியின் முறைமைக்கு ஓர் எடுத்துக்காட்டாக அமையட்டும் என்று அவ்விலகலை நேரு ஏற்றார்.

இரண்டாண்டு கழியுமுன், ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் முந்திராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்ட செய்தி வெளிவந்தது. நீதிபதி சாக்ளா பொதுமக்கள் காண வெளிப்படையாக விசாரணை நடத்தினார். செயலர் செய்த செயலுக்கு அமைச்சரே முழுப் பொறுப்பு என்பது அவர் கண்ட முடிவு. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் விலகினார்.

செய்தி கசிந்ததற்காகவே விலகிய அமைச்சருக்கு இங்கிலாந்து சான்று தருகின்றது. 1947 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்க மன்றத்துக்குள் நுழையும் வேளையில், நிதியமைச்சர் ஹியூ டால்டன் செய்தியாளர் ஒருவரிடம் வரிமாற்றங்கள் சிலவற்றைச் சொல்லிவிட்டார். மன்றத்தில் அவர் அவற்றை அறிவிக்குமுன் மாலை இதழில் அவை அச்சேறின. மறுநாளே அவர் பதவி துறந்தார். அவரிடம் தீய நோக்கம் இருந்ததாக எவரும் கூறவில்லை. நோக்கம் தூயது என்பது பொறுப்பினின்று விடுபடுவதற்குரிய காரணம் ஆகாது என்று அந்நாட்டு மரபு கருதியது.

ஆராயாது நம்பியதால் வந்த இடும்பை

இனி முதல் வழக்கு. 1985 ஜனவரியில், இராஜீவ் காந்தி பெருவெற்றி பெற்று ஆட்சியமைத்த சில நாட்களுக்குள், தலைநகரில் ஓர் ஒற்றுவலை பிடிபட்டது. கூமர் நாராயண் என்னும் வணிக நிறுவனப் பேராளர், அமைச்சகங்களின் கடைநிலைப் பணியாளரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, மறைபொருள் ஆவணங்களைப் படியெடுத்து அயல்நாட்டவரிடம் சேர்த்து வந்தார் என்பது குற்றச்சாட்டு. பிரெஞ்சுத் தூதரகத்தின் படைத்துறைத் துணை அதிகாரி நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பிரெஞ்சுத் தூதரும் திருப்பி அழைக்கப்பட்டார்.

நாட்டை அதிரவைத்தது வேறொன்று. கைதானோருள் பிரதமர் அலுவலகப் பணியாளரும் இருந்தனர். அவ்வலுவலகத்தின் முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டரின் நேர்முக உதவியாளரும் அவருள் ஒருவர். அலெக்சாண்டர்மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ஆயினும், தம் கீழ்ப்பணியாற்றியோர் தவறியமைக்குத் தார்மிகப் பொறுப்பு தம்முடையதே எனக் கூறி அவர் உடனே விலகினார். 1988இல் தமிழகம் குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ் இருந்தபோது ஆளுநராக அமர்ந்து இம்மாநிலத்தை நடத்தியவர் என்ற வகையில் தமிழ் மக்கள் நன்கறிந்தவரே அவர்.

அவ்விலகலின் பெருமையைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. எனினும் இலக்கிய ஆய்வில் நயங்காணும் கண்ணோடு குறைகாணும் கண்ணும் வேண்டும் என்பர். அதே ஆண்டில் அவர் இலண்டனில் இந்தியத் தூதராகப் பணியேற்றார். பொறுப்பேற்றல் என்பது ஒரு நாற்காலியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதோடு நிறைவுறுமா என்னும் வினா எழுதல் இயல்பு. 'குற்றமே செய்யாத ஒருவரை வாழ்நாள் முழுதும் தண்டிப்பது முறையா?' என்று மறுத்து வினவுவோர்க்கும் நியாயம் உண்டு. உண்மையில் குறைபாடு அவர் விலகியதிலும் இல்லை, மீண்டதிலும் இல்லை. ஆவணங்கள் ஆண்டுக்கணக்கில் வெளியேறியபோது அதைத் தடுத்திருக்க வேண்டிய முறைகள் எவ்வாறு தவறின, யார் கண்காணித்திருக்க வேண்டும், இனி என்ன செய்யப்படும் என்பவை மக்கள் மன்றத்தின் முன் விரித்துரைக்கப்படவில்லை. வழக்கு மூடிய அறையில் நடந்தது. தீர்ப்புக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 2002இல் முன்னாள் அரசுப் பணியாளர் பலர் தண்டனை பெற்றனர். முதன்மைக் குற்றவாளியாகக் கருதப்பட்ட நாராயண் அதற்கு இரண்டாண்டு முன்பே இறந்துவிட்டார். விலகல் விளக்கத்துக்குத் தொடக்கமாக இருத்தல் வேண்டும். அங்கே அது விளக்கத்தின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது.

தெளிந்தாரை ஐயுற்றதால் வந்த இடும்பை

இரண்டாம் வழக்கு இதனினும் கொடியது. நாகர்கோவிலைச் சார்ந்த நம்பி நாராயணன், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் திரவ எரிபொருள் இயந்திரங்களை வளர்த்தெடுத்த அறிவியலாளர். 'விகாஸ்' இயந்திரத்தின் பின்னால் இருந்த முதன்மையாளருள் ஒருவர். 1994 நவம்பர் 30ஆம் நாள், ஏவுகலத் தொழில்நுட்ப மறைகளை அயல்நாட்டுக்கு விற்றார் என்று கேரளக் காவல்துறை அவரைக் கைது செய்தது. ஐம்பது நாட்கள் அவர் சிறைப்பட்டிருந்தார். இதழ்கள் நாள்தோறும் கதை புனைந்தன. அரசியலும் புகுந்தது, 1995 மார்ச்சில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது.

1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை, இவ்வழக்கு பொய்யானது என நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 1998இல் உச்சநீதிமன்றம், மறுவிசாரணை நடத்தக் கேரள அரசு எடுத்த முடிவைத் தள்ளியது. 2018 செப்டம்பர் 14ஆம் நாள், அவருக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டு, தவறு செய்த அதிகாரிகளைக் குறித்து ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழுவும் அமைத்தது. 2019இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2024இல்தான் முன்னாள் அதிகாரிகள் ஐவர்மேல் குற்றப்பத்திரிகை அளிக்கப்பட்டது. கைதுக்கும் இதற்கும் இடையே முப்பதாண்டுகள்!

சிலப்பதிகாரத்தில், பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்றுக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், கண்ணகியின் சிலம்பினின்று தெறித்த மணியைக் கண்ட அக்கணமே தன் பிழை உணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்தான். யாரும் அவனை விசாரிக்கவில்லை, யாரும் தண்டிக்கவில்லை. இன்றைய அரசிடம் உயிரை எவரும் கேட்கவில்லை. 'பிழை எம்முடையது' என்னும் ஒரு சொல்லைக் காலத்தே கேட்கின்றனர். அச்சொல் நம்பி நாராயணனுக்கு நீதிமன்றத்தின் வாயிலாக, இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தே வந்து சேர்ந்தது.

சட்டத்தின் நிறைகோல்

இவ்விரு வழக்குகளுக்கும் பின்னால் நிற்பது 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் மறைபொருட் சட்டம். ஆங்கிலேயர் ஆண்டபோது, குடிமக்களை ஐயுற்ற அரசு ஆக்கிய சட்டம் அது. அதன் 5ஆம் பிரிவு, மறைபொருளைத் தகாதவரிடம் சேர்ப்பதை மட்டுமன்றி, தக்க கவனத்தோடு பேணத் தவறுவதையும் குற்றமாக்குகின்றது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எழுத்தளவில் இது பெரியவர்க்கும் சிறியவர்க்கும் பொது. நடப்பில் படியெடுத்துக் கொடுத்த எழுத்தர் அகப்படுகின்றார். பேணத் தவறிய மேலோர் அரிதாகவே வினவப்படுகின்றனர்.

இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவுத்துறைத் தலைவராயிருந்த பெட்ரேயஸ், மறைச்செய்திகள் நிறைந்த குறிப்பேடுகளைத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் கொடுத்தார். 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஓரிலட்சம் டாலர் தண்டமும் மட்டுமே விதிக்கப்பட்டன. அதே நாட்டில், ஒரே ஓர் ஆவணத்தைச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்பிய இளம் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர்க்கு 2018இல் ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட சிறை விதிக்கப்பட்டது. இரு செயல்களும் முற்றும் ஒத்தவை அல்ல. ஆயினும் நிறைகோல் எப்பக்கம் சாய்கின்றது என்பதைக் காண இது போதும். சமன்செய்து சீர்தூக்குவதே சான்றோர்க்கு அணி என்று கற்ற சமுதாயம் இதனை ஏற்றல் இயலாது.

மற்றொன்றும் கூறல் வேண்டும். மறை வேறு, மறைப்பு வேறு. படை நகர்வும் மறைக்குறியீடும் காக்கப்பட வேண்டிய மறைகள். ஆட்சியின் பிழையை மூடுவது மறைப்பு. இவ்வேறுபாட்டை உணர்ந்தே தமிழ்நாடு 1997இல் தகவல் அறியும் உரிமைக்கெனத் தனிச்சட்டம் இயற்றி நாட்டுக்கு வழிகாட்டியது. 2005இல் வந்த நடுவணரசின் சட்டம், பொதுநலன் ஓங்கி நிற்குமிடத்து மறைபொருட் சட்டத்தையும் மீறிச் செய்தி வெளியிட இடந்தந்தது. 2006இல் இரண்டாம் நிருவாகச் சீர்திருத்தக் குழு, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கிவிடலாம் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை செயலுக்கு வரவில்லை.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். மறைபொருள் கசிந்தால், கசியவிட்ட கையை மட்டுமன்றி, அக்கையை அங்கே அமர்த்தி ஆராயாது விட்ட தலைமையையும் வினவுதல் வேண்டும். மறை விற்றான் என ஒருவன்மேல் பழி சுமத்தினால், அப்பழி பொய்யாகும்போது சுமத்தியவர் விடைகூறுதல் வேண்டும். அவ்விடை முப்பதாண்டு காத்திருத்தல் ஆகாது. பொறுப்பேற்றல் என்பது பதவி துறப்பதோடு முடியாமல், நடந்தது என்ன என்பதை மக்களுக்கு எடுத்துரைப்பதாகவும் அமைதல் வேண்டும்.

ஆராயாத நம்பிக்கை, ஆதாரமற்ற ஐயம் ஆகிய இரண்டையும் ஒரே குறளுக்குள் வைத்து, இரண்டின் விளைவும் தீரா இடும்பை என்றார் வள்ளுவர். ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றில் வீழும் அரசுக்கு இடையே ஒரு வழி உண்டு. அது நாள்தோறும் ஆராயும் வழி. அவ்வழியில் ஆட்சியை நிறுத்தும் கடமை ஆள்வோர்க்கு மட்டும் உரியதன்று. உறையூரில் அன்று வாளுக்குக் குறுக்கே நின்றவர் அமைச்சர் அல்லர், படைத்தலைவர் அல்லர், ஒரு புலவர். தமிழ் கற்றோர்க்கும் தமிழ் வளர்க்கும் அமைப்புகளுக்கும் இதைவிடப் பெரியதொரு முன்மாதிரி வேண்டுவதில்லை. வாழ்க தமிழ்! வளர்க இவ்வட்டத்தின் தொண்டு!