உறங்கும் தீர்ப்பு



தலைமையாசிரியர் கல்வியைப் பற்றியே பேசுவார் என எண்ணியிருப்பீர்கள். நாமும் அதைத்தான் பேசப்போகிறோம். ஆனால் இது நீதிமன்றக் காகிதத்தைப் படிக்கும் கல்வி.

சில ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலையை அடுத்த காலனி ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் துணிப்பையுடன் நம் இல்லம் வந்தார். பையில் அவருடைய ஒன்றரை ஏக்கர் நிலத்தை மீட்டுத்தரும் தீர்ப்பின் நகல். வென்றவர் அவர், உழுதுகொண்டிருந்தவரோ எதிரி. "மேல்கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டார்கள், வாத்தியாரய்யா. தீர்ப்பாகிப் பதின்மூன்று வருடம் ஆயிற்று, இனிச் செல்லாதாம்" என்றார். அப்படிச் சொன்னவர் யார் என்று கேட்டோம். எதிரியின் மைத்துனராம்!

நகல்களை வருவித்துப் பார்த்தோம். மேல்முறையீட்டாளர் வாய்தாவுக்கு வராமையால் மேல்முறையீடே தள்ளுபடியாகியிருந்தது. அதனோடு தடையும் போயிற்று. பெரியவரின் வக்கீல் இடையில் காலமாகிவிட்டதால் செய்தி அவரை எட்டவில்லை.

மேல்முறையீடு செய்த அளவிலேயே தீர்ப்பு நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 5ஆம் விதியின்படி, தடை கேட்பவர் தமக்குப் பெரும் இழப்பு நேரும் என்று காட்ட வேண்டும். காலந்தாழ்த்தாது வர வேண்டும். பிணையும் தர வேண்டும். அவ்வாறு பெற்ற தடையும் தீர்ப்பைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் இத்தகைய தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு தருகிறது. தடை இருந்த நாட்களைக் கழித்துவிடுக என்கிறது அதன் 15ஆம் பிரிவு. தடை நான்காண்டு இருந்தது. பதின்மூன்றில் நான்கு போக ஒன்பது. ஆகவே இன்னும் மூன்றாண்டு மிச்சம். பெரியவர் இக்கணக்கை மும்முறை போட்டுக் காட்டச் சொன்னார்.

ஆறு மாதத்தில் தடை தானே விலகிவிடும் என்று சிலர் இன்றும் கூறுகின்றனர். 2018இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறு கூறியது உண்மையே. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றிவிட்டது. ஆகவே செவிவழிச் செய்தி உதவாது. நீதிமன்ற உத்தரவின் நகல் வேண்டும்.

தடை நீங்கினாலும் அமீனா தாமாக வரமாட்டார். தள்ளுபடி உத்தரவின் நகலுடன் நிறைவேற்று மனுவை நாமே நகர்த்த வேண்டும். சேலத்து நிலவழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 2025இல் நாடெங்கும் 8.8 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடந்தது வெளிப்பட்டது. அக்குவியலில் நம்மவர் மனுக்கள் எத்தனையோ! வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் இனத்தவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீலைத் தருகிறது. பெரியவரும் அவ்வழியே சென்றார்.

அமீனா நிலத்தை ஒப்படைத்த காலையில் அவர் உயிருடன் இல்லை. அவர் மகன் காகிதத்தை முதலிலிருந்து இறுதிவரை படித்து, சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருந்ததைத் திருத்தச் செய்த பின்னரே கையொப்பமிட்டார்.