மருந்தும் அதன் பக்க விளைவும்

மருந்துக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் மாத்திரைகளைப் பார்க்கும்போது, தலைவலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என நோய்தோறும் ஒரு மருந்து இருப்பதாகவே நமக்குத் தோன்றும். மருந்தியல் நூலார் அவ்வளவில் நிற்பதில்லை. மருந்து உடலில் எவ்விடத்தைச் சேர்ந்து எச்செயலைத் தடுக்கிறது, எதைத் தூண்டுகிறது என்று கேட்டே அதனை ஒரு வகையில் சேர்ப்பர். அவ்வகைகள் அனைத்தையும் நான் இன்று ஒப்பிக்கப் போவதில்லை. அதைப் பாடப் புத்தகம் செய்யும். ஆஸ்பிரின் என்னும் ஒரு மருந்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1763-ஆம் ஆண்டில் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். வில்லோ மரத்தின் பட்டையை உலர்த்திப் பொடியாக்கி, முறைக் காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்ததாகவும், அது நற்பயன் தந்ததாகவும் அதில் தெரிவித்தார். ஈரமான நிலத்தில் அக்காய்ச்சல் மிகுதி. அதற்கு மருந்தும் அந்நிலத்து மரத்திலேயே இருக்கும் என்பது அவர் கருத்து. காரணம் பிழைதான், ஆயினும் கொடுத்துப் பார்த்துக் குறித்து வைத்தாரே, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

பின்னர் வந்த இரசாயன அறிஞர்கள் இவ்வினப் பொருள்களிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றனர். அது வலியைத் தணித்தது, வயிற்றையோ புண்படுத்தியது. 1897-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பெலிக்ஸ் ஹாஃப்மன் அதனைச் சற்றே மாற்றி அமைத்தார். 1899-இல் ஆஸ்பிரின் என்ற பெயர் பிறந்தது. உலகெங்கும் மக்கள் அதை விழுங்கினார்கள். எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் விளங்கவில்லை!

விளக்கம் 1971-இல் வந்தது. உடலில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அடிபட்ட இடத்தில் வலியை மிகுவிப்பதும், காய்ச்சலில் உடற்சூட்டை உயர்த்துவதும் இப்பொருள்களே. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அதன் சொந்த அமிலம் அரித்துவிடாமல் காப்பனவும் இவையே. மாத்திரைக்குத் தலை எது, வயிறு எது என்று தெரியுமா? இரத்தத்தோடு எங்கும் செல்கிறது; சென்ற இடமெல்லாம் ஒரே வேலையைச் செய்கிறது. நாம் விரும்பியதைப் பயன் என்கிறோம், விரும்பாததைப் பக்க விளைவு என்கிறோம்.

இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் ஆஸ்பிரின் தடுக்கிறது. ஒருமுறை செயலிழந்த தட்டணு, தான் வாழும் பத்து நாட்களில் மீண்டும் அத்திறனைப் பெறுவதில்லை. மாரடைப்புக் கண்டவருக்கு மருத்துவர் நாள்தோறும் சிறிய அளவில் இதைக் கொடுப்பது இதற்காகவே. டெங்குக் காய்ச்சலிலோ இதே செயல் ஆபத்தாகிறது. அந்நோயில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஆஸ்பிரின் சேர்ந்தால் இரத்தப் போக்கு மிகலாம். நம் ஊர்களில் மழைக்காலத்தில் டெங்கு பரவுவது நீங்கள் அறிந்ததே. எனவே காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஆஸ்பிரினைத் தாமாக எவரும் உண்ணலாகாது. சிறுவர்களுக்கோ, ஃபுளூவிலும் சின்னம்மையிலும் இதைக் கொடுத்தால், அரிதாயினும் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய நோய் நேரக்கூடும்.

வேறு வகைகளும் உண்டு. பெனிசிலின் நோய்க்கிருமி தன் புறச்சுவரைக் கட்டவொட்டாமல் செய்கிறது. நம் உயிரணுவுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் நமக்குத் தீங்கு குறைவு. எனினும் சிலருக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே இடர் விளைப்பதுண்டு. சளிக்கு உண்ணும் பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் தும்மலை நிறுத்தும். மூளையில் விழிப்பைக் காக்கும் ஹிஸ்டமினையும் தடுப்பதால் தூக்கமும் வரும். தேர்வுக்குப் படிப்போர் இதை நினைவிற் கொள்க.

டெங்குக் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது பாரசிட்டமால். அது வயிற்றை அவ்வளவாக வருத்தாது. அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். வளர்ந்தவருக்கும் ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேற்படக் கூடாது. சிறுவர்க்கு எடைக்கேற்ப அளவு குறையும். கடையில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்தே இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என இரண்டு பெயரில் வாங்கி உண்பவர் ஒரே மருந்தை இருமுறை உண்பவராகலாம். உறையில் வாணிபப் பெயரோடு மருந்தின் உண்மைப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும்.