புதர் மண்டிய நிலமும் தக்க வெட்டுக் கருவியும்



நம் கம்பம் பள்ளத்தாக்கு நீர்வளத்தால் பேர்பெற்றது. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. அதன் பயனாக லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் நன்செயாக விளங்குகிறது. ஆயினும், இதே மாவட்டத்தில் ஆண்டிபட்டி, வருசநாட்டுப் பக்கத்து மானாவாரி நிலங்களிலும், மலையடிவாரப் புன்செய்களிலும் புதர் மண்டிக் கிடக்கும் காணிகள் பல. மழை பொய்த்தமை, ஆட்கள் கிடைக்காமை, நிலத்துக்குரியோர் வெளியூர் சென்றமை எனக் காரணங்கள் பல.

தரிசாகக் கிடக்கும் நிலம் அதற்குரியவருக்கு மட்டுமே நட்டம் என்று எண்ணுதல் தவறு. அங்கே விளையும் பார்த்தீனிய விதை காற்றிலும் நீரிலும் பரவி அடுத்த வயலிலும் முளைக்கிறது. எலியும் பன்றியும் அங்கே பதுங்கி, இரவில் நம் பயிரை மேய்கின்றன. ஆகவே, புதரை அகற்றுவது ஊர்ப் பொதுக் காரியமாகும்.

இப்பணிக்கு டிராக்டரில் பூட்டும் வெட்டுக் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் எதைத் தெரிந்தெடுப்பது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

நிலத்தை முதலில் நோக்குக

கருவியைப் பார்க்குமுன் நிலத்தைச் சுற்றி வருதல் வேண்டும். புல்லும், பார்த்தீனியமும், கட்டைவிரல் பருமனுள்ள செடிகளும் இருப்பின் வெட்டுக் கருவி போதும். மணிக்கட்டுப் பருமனுக்கு வளர்ந்த சீமைக் கருவேலத்திற்கு இக்கருவி ஏற்றதன்று. அதை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் பல கிளைகள் துளிர்க்கும். மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு வேரோடு பெயர்த்தலே வழி. கோரையும் அருகும் நிலத்தடியில் உயிர் வைத்திருப்பவை. வெட்டினால் அவை அடங்குமேயன்றி அழியா.

புதர் நிலத்தில் நேரே ரோட்டவேட்டரை இறக்குவோரும் உண்டு. கொடியும் நாரும் அதன் தண்டில் சுற்றிக்கொள்ளும். கோரைக்கிழங்கு துண்டுபட்டு நிலமெங்கும் பரவும். முதலில் வெட்டுதல், பின்னர் உழுதல் என்பதே முறை.

மூவகைக் கருவிகள்

முதலாவது, ரோட்டரி ஸ்லாஷர் என்னும் சுழல் வெட்டி. தகட்டு மூடியின் கீழ்க் கனத்த கத்திகள் கிடையாகச் சுழலும். அமைப்பில் எளிது, பழுது பார்ப்பதும் எளிது. கரடுமுரடான தரிசுக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, பிளெயில் மோவர். உருளையில் தொங்கும் பல சிறு கத்திகள் செடியைப் பொடியாக நறுக்கும். தென்னந்தோப்பின் இடைவெளியில் மூடாக்கு இடுவதற்கு இது நன்று. எனினும் கத்திகள் பலவாதலின் தீட்டும் செலவும் மாற்றும் செலவும் மிகுதி.

மூன்றாவது, கத்தரிபோல் வெட்டும் சிக்கிள் பார். தீவனப் புல்லைச் சேதமின்றி அறுக்க வல்லது. கல்லும் கட்டையும் உள்ள இடத்தில் பயன்படாது.

திராட்சைப் பந்தலுக்கோ இவற்றுள் எதுவும் ஆகாது. ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும் பந்தலின்கீழ் டிராக்டர் நுழையாது. அங்கே கையில் ஏந்தும் புதர் வெட்டியே துணை.

அளவும் ஆற்றலும்

டிராக்டரின் பின்புறம் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு, என்ஜின் ஆற்றல் முழுவதும் வந்து சேர்வதில்லை. 35 குதிரைத்திறன் என்ஜினில் ஏறத்தாழ 30 குதிரைத்திறனே அங்கே கிடைக்கும். வெட்டும் அகலத்தில் ஓரடிக்கு 5 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு; அடர்ந்த புதருக்கு இன்னும் வேண்டும். ஆகவே, 35 குதிரைத்திறன் டிராக்டருக்கு 5 அடிக் கருவி பொருந்தும். கருவியின் அகலம் பின்சக்கரங்களின் வெளி அகலத்திற்குக் குறையாதிருத்தல் நலம். குறைந்தால், சக்கரம் மிதித்த செடி வெட்டுப்படாமல் நிற்கும்.

மலையடிவார நிலம் கல் நிறைந்தது. ஆதலின், கல்லில் மோதினால் பின்வாங்கும் தொங்கு கத்திகள் உள்ளனவா, அதிர்ச்சியைத் தாங்கித் தான் முறிந்து கியர்பெட்டியைக் காக்கும் ஆணி உள்ளதா, பின்புறம் கல் தெறிக்காமல் தடுக்கும் சங்கிலித் திரை உள்ளதா என்று பார்த்து வாங்குக. மாற்றுக் கத்தி அருகிலுள்ள ஊரில் கிடைக்குமா என்பதையும் கேட்டறிக.

காலமும் காப்பும்

பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வெட்டுதல் வேண்டும். பூத்தபின் வெட்டினால் விதையை நாமே தூவியவராவோம். வெட்டிய தழையைக் கொளுத்தாமல் மண்ணிலேயே கிடக்க விட்டால், ஈரம் காக்கப்படும். மண்ணும் வளம் பெறும்.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்வது. வேட்டி முனையோ தோள் துண்டோ சிக்கினால் கையை எடுக்கவும் நேரமிராது. தண்டின் மேலுறையைக் கழற்றி வைத்து ஓட்டுதல் கூடவே கூடாது. வேலை நடக்கும்போது 300 அடிக்குள் சிறுவரையும் கால்நடையையும் விடாதீர்கள். நாரை எடுக்க வேண்டின், என்ஜினை நிறுத்தி, கத்தி ஓய்ந்த பிறகே அருகில் செல்க.

யார் வாங்குவது?

5 அடிக் கருவி மணிக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வெட்டும். இரண்டு ஏக்கர் உடையவர் ஆண்டுக்கு இருமுறை வெட்டினால், அவருக்கு ஆகும் வேலை நான்கு மணி நேரமே. நான்கு மணி நேர வேலைக்காகக் கடன்பட்டுக் கருவி வாங்குவது, ஒரு குடம் நீருக்காகக் கிணறு வெட்டுவதை ஒக்கும். ஊரில் 100 ஏக்கர் தரிசு இருப்பின் கணக்கு மாறுகிறது. உழவர் உற்பத்தியாளர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு கருவியை வாங்கி, மணிக் கணக்கில் வாடகைக்கு விடலாம். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி, வாடகை விவரத்தையும் அவ்வாண்டில் நடப்பிலுள்ள மானியத்தையும் கேட்டறிந்து, அதன்பின் முடிவு செய்க.

ஊராட்சி உறுப்பினர்களே! உங்கள் ஊரில் எந்தெந்தச் சர்வே எண்ணில் புதர் மண்டியுள்ளது, அது எத்தகைய புதர், எத்தனை ஏக்கர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். வெளியூரிலுள்ள உரிமையாளருக்குக் கடிதம் எழுதி ஒப்புதல் பெறுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இப்பணி முடியுமாயின், புதரைக் கண்ட நிலத்தில் இவ்வாண்டே சோளமும் உளுந்தும் காணலாம். கருவி பின்னர் வரட்டும். பட்டியல் இன்றே தொடங்கட்டும்.