காதணிக்குப் பிறகு கொடுத்தவை

(நவராத்திரி விழாவின் மூன்றாம் நாள் மாலை, ஆலய மண்டபத்தில் செயலவை உறுப்பினரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான அன்பர் ஆற்றிய உரை)



நவராத்திரி மேடையில் கண்ணகியையும் சாவித்திரியையும் பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு அவர்களுக்குச் சற்று ஓய்வு கொடுத்து, நம் ஊரில் பிறந்து, நம் ஊரிலேயே வாழ்ந்து மறைந்த ஓர் அம்மையாரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். செயலவையினர் மனமுவந்து இசைந்தார்கள். அவர்தான் புவான்ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன். 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் கோலாலம்பூரில் பிறந்தவர். 2014ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், 89ஆம் வயதில் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். ஒரு மனைவியாக, தாயாக, சமுதாயத் தொண்டராக அவர் வாழ்ந்த வாழ்வை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அறிந்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

அவரைப் பற்றித் தெரிந்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஒரு கதையைத்தான் சொல்வார்கள். 1943ஆம் ஆண்டு, ஜப்பான்காரன் காலம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்து, இந்திய விடுதலைக்காக உங்களிடம் உள்ளதைக் கொடுங்கள் என்று கேட்டார். கூட்டத்தில் நின்ற ஜானகி என்ற பதினெட்டு வயதுப் பெண், காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அழகான கதைதான். ஆனால் அந்தக் கதையோடு நாம் நின்றுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம். தோடு கழற்ற ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு அவர் கொடுத்தவை எழுபது ஆண்டுக் கணக்கு.

ஜான்சி ராணி படையில் சேர வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு. செல்வாக்கான குடும்பம், மகளைத் துப்பாக்கி தூக்க அனுப்ப எந்தத் தகப்பனாருக்கு மனம் வரும்? அவர் கல்நெஞ்சர் அல்ல, கவலைப்பட்ட தகப்பன். நீண்ட நாள் மன்றாடிய பிறகுதான் சம்மதம் கிடைத்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அந்தப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை ஏற்றவர் சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். வசதியாக வளர்ந்த ஜானகிக்கு முகாம் வாழ்க்கை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. போகப் போகப் பழகிக்கொண்டு, படையின் துணைத் தலைவி என்ற நிலைக்கு உயர்ந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த முகாமில் இருந்தவர்கள் எல்லாரும் பட்டணத்துப் பிள்ளைகள் அல்லர். பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். லயத்தில் பிறந்து, தாயோடு விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் அதன் விடுதலைக்காகப் பெயர் கொடுத்தார்கள். இன்று நமக்குத் தெரிந்த பெயர்கள் எத்தனை? ஜானகி அம்மையார், பின்னாளில் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, சம ஊதியத்துக்காகப் போராடிய ரசம்மா பூபாலன் அம்மையார், இன்னும் விரல்விட்டு எண்ணும் சிலர். படித்தவர்களின் பெயர் நிற்கிறது. தோட்டத்துப் பெண்களின் பெயரை எழுதி வைப்பார் இல்லை.

பர்மாவில் அவர்கள் பெரும்போர் புரிந்ததாகச் சிலர் மேடைகளில் முழங்குகிறார்கள். அது தேவையில்லாத மிகை. போர்முனையில் இறக்கப்படும் நிலை அவர்களுக்கு வரவில்லை. குண்டுவீச்சுக்கு நடுவே காயம்பட்டவர்களையும் காய்ச்சலில் கிடந்தவர்களையும் கவனித்ததே அவர்களுடைய பெரும்பணி. மலம் சலம் அள்ளி, புண் கழுவிய தொண்டு அது. 1945 ஏப்ரல் 24ஆம் நாள் நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, இந்தப் பெண்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் போக மறுத்துவிட்டார். விமானங்களுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்து, இரவில் நடந்து, சித்தாங் ஆற்றைக் கடந்து, மௌல்மீன் வழியாகப் பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெண்களை வழிநடத்தி அழைத்து வந்தவர் இருபது வயது ஜானகி.

மற்றவர்கள் கதையை இங்கே முடிப்பார்கள். என் கணக்கில் இங்கேதான் தொடங்குகிறது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது தோட்டங்கள் இருந்த நிலையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. மலேரியா, ஆறாத கால் புண், போர்த்திக்கொள்ளத் துணியில்லாத குழந்தைகள். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. தாலி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். 1946இல் இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழு ஒன்றை மலாயாவுக்கு அனுப்பியது. சீருடையைக் கழற்றி வைத்த ஜானகி அந்தக் குழுவோடு சேர்ந்து தொண்டு செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது, அதை அமைக்கத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இதற்குப் படம் எடுப்பார் இல்லை, பாட்டுக் கட்டுவார் இல்லை.

பின்னர் ஆதி நாகப்பன் அவர்களை மணந்தார். கணவரும் பொதுவாழ்வுக்கே தம்மைக் கொடுத்தவர். வழக்கறிஞர், மேலவை உறுப்பினர். ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழு அவர் தலைமையில்தான் இயங்கியது. அதன் அறிக்கையை இன்றும் அறிஞர்கள் புரட்டுகிறார்கள். இப்படி ஊருக்கு உழைப்பவர் இருக்கும் வீட்டில் வாசற்கதவு மூடாது என்பது இங்கே அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருகிறவர்களுக்குக் காப்பி கலக்குவதும், பிள்ளைகளின் படிப்பைப் பார்ப்பதும், இரவு எந்நேரம் ஆனாலும் விளக்கை எரிய விட்டுக் காத்திருப்பதும் எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. படை நடத்தியவருக்கு இது சிறிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும்.

1976இல் கணவர் காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது 51. அத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. சமூக நலப் பணிகளில் நின்றார். தாமும் நாடாளுமன்றத்தின் மேலவையில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. பதினெட்டு வயதில் தோட்டைக் கொடுத்தவருக்கு எழுபத்தைந்தாம் வயதில் வந்த நன்றி!

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போனால் ஆதி நாகப்பன் பெயரில் சாலை இருக்கிறது. நல்லது, வேண்டியதே. பிரிக்பீல்ட்ஸ் பெருஞ்சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருப்பதும் நமக்குப் பெருமை. ஆனால் ஜானகி பெயரைச் சொல்லி நம் பிள்ளைகளிடம் கேட்டால், "யார் சார் அவங்க?" என்கிறார்கள். கிள்ளானில் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நான் அடிக்கடி கேட்ட பதில் இது.

சரி, ஊரைக் குறை சொல்வதற்கு முன் நம் வீட்டைப் பார்ப்போம். உங்கள் கையில் இருக்கும் இந்த ஆண்டு மலரையே புரட்டுங்கள். உபயப் பட்டியலில் இத்தனை வெள்ளி, இத்தனை கிராம் தங்கம் என்று வரிசையாக இருக்கிறது. கொடுத்த நல்லுள்ளங்களுக்கு அம்பாள் அருள் பெருகட்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் கோபுரத் திருப்பணி ஏது? ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் அதிகாலை நான்கு மணிக்கு மடப்பள்ளிக்கு வந்து, அன்னதானத்துக்குக் காய் நறுக்கி, கடைசிப் பந்தி முடிந்து அண்டா கழுவிவிட்டுப் போகிறார்களே பத்துப் பதினைந்து பேர், அவர்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? "மாதர் பிரிவினருக்கு நன்றி" என்று கடைசியில் ஒரு வரி. சில பேருக்குக் கணவர் பெயரோடு "திருமதி" மட்டும். காதணியை எழுத நமக்குத் தெரிகிறது, அதற்குப் பிறகு கொடுப்பதை எழுதத் தெரியவில்லை.

எனவே செயலவையின் முன் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு மலரில், தொண்டு செய்த பெண்மணிகள் ஒவ்வொருவரின் சொந்தப் பெயரும், எந்த ஆண்டு முதல் வருகிறார்கள் என்ற விவரமும் உபயதாரர் பட்டியலுக்கு முன்னால் அச்சாக வேண்டும். மறைந்தவர்களின் பெயரும் சேர வேண்டும். பக்கம் கூடும், அச்சுச் செலவு கூடும் என்று பொருளாளர் சொல்கிறார். அவர் கவலை நியாயமானது. அந்த இரண்டு பக்கத்துக்கான செலவை ஏற்க யாராவது முன்வந்தால் இன்றே ரசீது போடத் தயார். உங்கள் அம்மாவோ பாட்டியோ இந்த மடப்பள்ளியில் நின்றிருந்தால், அவர்களின் பெயரை எழுதி மாதர் பிரிவுச் செயலாளரிடம் தைப்பூசத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கணவர் பெயர் இரண்டாவதாக வரட்டும்.